திண்ணையில் படப்புத்தகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டுத் திண்ணை கொஞ்சம் அகலமானது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்து உட்காருவார்கள். மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரை. படப்புத்தகம் விரித்துக் கதை படிப்போம். பிள்ளைகளைக் கூட்டி வருகிற அம்மா, அப்பா, பாட்டிமார்கள் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் டீச்சர் இல்லை. எனக்குப் படம் போடவும் வராது. அம்மாபேட்டை நெசவுக் குடும்பத்துப் பெண், ஐந்து வயது மகளுக்கு அம்மா. அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைக்கு இன்னும் ‘அ’ கூடத் தெரியாது. இப்போதே புத்தகம் எதற்கு?

எழுத்து தெரியாத வயதில்தான் குழந்தை படத்தை முழுசாகப் பார்க்கும். எழுத்து பழகியபின் கண் நேராக வரிக்குப் போய்விடும், படம் ஓரத்தில் நின்றுவிடும். நமக்கெல்லாம் அப்படித்தான் ஆகிவிட்டது.

என் மகளுக்கு மூன்றரை வயது இருக்கும். ஒரு வீட்டுக் கதை. குறைந்தது இருபது தடவை படித்துக் காட்டியிருப்பேன். ஒரு ராத்திரி, கடைசிப் பக்கம் முடிந்து நான் மூடப்போகிற நேரத்தில், “ம்மா, பல்லி எங்க போச்சு?” என்றாள். எந்தப் பல்லி? கதையில் பல்லியே கிடையாது. அவள் புத்தகத்தைப் பிடுங்கி முதல் பக்கத்துக்குப் போனாள். சுவரில், டியூப் லைட்டுக்குப் பக்கத்தில், கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பல்லி. அடுத்த பக்கத்தில் ஜன்னல் கம்பியில். அதற்கடுத்து மிக்சி மேல். பக்கத்துக்குப் பக்கம் அது தன் பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் மட்டும் காணோம். இரண்டு பேரும் படுக்கையில் குப்புறப் படுத்துத் தேடினோம். காலண்டருக்குப் பின்னாலிருந்து வால் நுனி மட்டும் எட்டிப் பார்த்தது.

இருபது தடவையும் நான் எழுத்தைப் படித்திருக்கிறேன், அவள் படத்தைப் படித்திருக்கிறாள். அந்தப் பல்லியைப் பற்றி எழுதியவர் ஒரு வரியும் எழுதவில்லை. அது முழுக்கப் படம் போட்டவர் சொன்ன கதை.

ஆறேழு மாதக் குழந்தைக்குக்கூடக் காட்டலாம். கடிக்கும், நக்கும். கெட்டி அட்டைப் புத்தகமாகக் கொடுங்கள்.

படப்புத்தகம் என்றால் படம் போட்ட கதைப் புத்தகம்தானே?

இரண்டும் வேறு. கதைப் புத்தகத்திலிருந்து படத்தை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும். படப்புத்தகத்தில் எடுத்தால் கதை பாதியாகிவிடும். எங்கள் வீட்டுப் பேச்சில் சொன்னால், எழுத்து பாவு (தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழை), படம் ஊடை (குறுக்கே ஓடுகிற இழை). ஒன்றை உருவினால் துணி இல்லை.

அமெரிக்க ஓவியர் மாரிஸ் சென்டாக் 1963-இல் எழுதி வரைந்த ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’ கிடைத்தால் ஒரு தடவை பாருங்கள். சேட்டை செய்த பையனைச் சாப்பாடு போடாமல் அறைக்கு அனுப்பிவிடுகிறாள் அம்மா. அறைக்குள் காடு முளைக்கிறது. இது எழுத்தில் இருக்கிற கதை. படத்தின் அளவைக் கவனியுங்கள். முதலில் சுற்றிலும் நிறைய வெள்ளை விட்டு, நடுவில் சின்னதாக இருக்கிறது. காடு வளர வளரப் படமும் பக்கத்துக்குப் பக்கம் பெரிதாகி, வெள்ளை ஓரத்தைத் தின்றுகொண்டே போகிறது. பையன் பூதங்களோடு குதியாட்டம் போடும்போது வலது பக்கம், இடது பக்கம் இரண்டையும் படமே பிடித்துக்கொள்கிறது. ஆறு பக்கங்களுக்கு ஒரு சொல் கிடையாது. வீட்டு நினைப்பு வந்து திரும்பும்போது படம் ஒடுங்கி மறுபடி ஒரு பக்கத்துக்குள் வந்துவிடுகிறது. கடைசிப் பக்கத்தில் படமே இல்லை, சாப்பாடு இன்னும் சூடாக இருந்தது என்கிற ஒரு வரி மட்டும். அந்த வெற்றுப் பக்கத்துக்கு வந்ததும் எங்கள் திண்ணையில் எல்லாப் பிள்ளைகளும் ஒரு கணம் சும்மா இருந்தார்கள். பிறகு ஒருத்தன், “அவங்கம்மா தட்டு போட்டு மூடி வெச்சிருப்பாங்க” என்றான்.

இன்னொன்று. பெரும்பாலான படப்புத்தகங்கள் 32 பக்கம்தான் இருக்கும். அச்சகத்தில் ஒரு ஃபாரம் என்றால் 16 பக்கம். பெரிய தாளை அச்சடித்து மடித்து வெட்டுவது. இரண்டு ஃபாரம் 32. ஓவியர் அந்த 32-க்குள் எங்கே நிறுத்துவது, எதைப் பக்கத்தைத் திருப்பிய பிறகு காட்டுவது என்று கணக்குப் போட்டுத்தான் வரைகிறார். அதனால்தான் பக்கம் திருப்புகிற வேலையைக் குழந்தையிடம் விட்டுவிடச் சொல்கிறேன்.

படத்தை ரசிக்க எப்படிச் சொல்லித் தருவது? எனக்கே ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாதே?

சொல்லித் தர வேண்டாம். அவசரப்படாமல் இருந்தால் போதும்.

நாம் செய்கிற பெரிய தப்பு, வரி முடிந்த கையோடு பக்கத்தைத் திருப்புவது. வரியைப் படித்து முடித்ததும் வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். முதல் நாள் உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும். ஆறு, ஏழு எண்ணும்போது ஒரு சின்ன விரல் வந்து எதையாவது தொடும். தொட்டதைப் பற்றிப் பேசுங்கள்.

அடுத்த தப்பு, பரீட்சை வைப்பது. “இது என்ன கலர்? எத்தனை மீன் இருக்கு? எண்ணு பார்ப்போம்!” எல்கேஜி அட்மிஷனுக்குக் கூட்டிப்போன முகம் வந்துவிடும் குழந்தைக்கு. “இங்க என்ன நடக்குது?” என்று கேளுங்கள், அது சொல்லட்டும். அல்லது கேட்கவே வேண்டாம், உங்களுக்குப் பட்டதை நீங்கள் சொல்லுங்கள்: “இந்த மழையைப் பார்த்தா எனக்குக் குளிருது.” மழையைச் சாய்த்துப் போட்டிருப்பதால் காற்றடிக்கிற மாதிரி இருக்கிறது என்று பிள்ளையே பிறகு கண்டுபிடிக்கும்.

அட்டையை விட்டுவிடாதீர்கள். முன்னட்டை, பின்னட்டை இரண்டையும் சேர்த்து விரித்தால் சில புத்தகங்களில் ஒரே படமாக இருக்கும். முன்னால் யானையின் தலை, பின்னால் வால். அட்டையைத் திறந்ததும் உள்ளே ஒட்டியிருக்கிற தாளையும் பாருங்கள். அங்கே வெறும் இலை, வெறும் மீன் என்று கோலம் மாதிரி போட்டிருப்பார்கள். முதல் தாளில் முட்டையும் கடைசித் தாளில் குஞ்சும் வைக்கிற குறும்புக்காரர்களும் உண்டு. பெரியவர்கள் நேராகக் கதைக்குப் போய்விடுவோம் என்று தெரிந்தே பிள்ளைகளுக்காக வைப்பது அது.

ஓவியர் பெயரை நாலு வயதுக் குழந்தைக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?

இதற்கு என் அப்பா கதையைத்தான் சொல்ல வேண்டும். தறியில் உட்கார்ந்தே வளர்ந்தவர். சின்ன வயதில் அவருக்கு வாய்த்த ஒரே ஆடம்பரம், பக்கத்துத் தெருவில் ஒருவர் வாங்கும் அம்புலிமாமா. 1947-இல் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கிய பத்திரிகை; நம் ஊரில் மூன்று தலைமுறைக்குத் தெரியும். அதில் மாதா மாதம் விக்கிரமாதித்தன் வாளைப் பிடித்துக்கொண்டு, பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு சுடுகாட்டு வழியே நடப்பான். அந்தப் படத்தை அப்பா கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வேதாளத்தின் தலைமுடி எந்தப் பக்கம் தொங்குகிறது என்பது வரை.

2020 செப்டம்பர் கடைசியில் பேப்பரில் ஒரு செய்தி. அம்புலிமாமா ஓவியர் ‘சங்கர்’ என்கிற கே.சி. சிவசங்கரன் காலமானார். 1924-இல் பிறந்தவர், நம் கொங்கு நாட்டுக்காரர். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “அறுபது வருஷமா தெரிஞ்ச கை. பேரு இன்னைக்குத்தான் தெரியுது” என்றார். அடுத்த ஆண்டு அவருக்கு இறந்தபின் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதையும் பேப்பரிலிருந்து வெட்டி வைத்திருக்கிறார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். கதை தொடங்குமுன் “எழுதினது இன்னார், படம் போட்டது இன்னார்” என்று இரண்டு பேரையும் சொல்லிவிட்டுத்தான் பக்கம் திறப்பது. சில புத்தகங்களில் ஓவியர் பெயர் அட்டையிலேயே இருக்கும். சிலவற்றில் பொடி எழுத்தில் உள்ளே எங்கோ ஒளிந்திருக்கும். அதைத் தேடுவதே ஒரு விளையாட்டு.

நான்கு வயதுக்குப் பெயர் நினைவிருக்குமா என்று கேட்காதீர்கள், கை நினைவிருக்கும். சென்னை ஓவியர் அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்த ‘கஜபதி குலபதி’ எங்கள் திண்ணையில் ரொம்ப ஓடியது. யானைக்குச் சளி பிடித்துத் தும்முகிற கதை. சில மாதம் கழித்து அவர் வரைந்த வேறொரு புத்தகத்தைக் காட்டினேன், பெயர் சொல்லாமல். “இது தும்மல் மாமா போட்டதுதானே?” என்றாள் மகள். யானை இல்லை, தும்மலும் இல்லை. கோடு போட்டிருக்கிற விதத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள்.

ஒரே புத்தகத்தையே திரும்பத் திரும்பக் கேட்கிறான். வேறு கொடுக்கலாமா?

அவன் கேட்பதையே படியுங்கள். சலிப்பு உங்களுக்குத்தான். மேலே பல்லிக் கதை சொன்னேனே, அது இருபத்தோராவது தடவை.

சில புத்தகங்களில் படம் அழகாகவே இல்லையே? ஒரே கறுப்பு, கோணல்மாணல். பிள்ளைக்குப் பிடிக்குமா?

இந்தக் கேள்வி வாராவாரம் வரும். அழகு என்றால் ரோஸ் கன்னம், பெரிய கண், பளபள வானவில் என்று நமக்குப் பழகிவிட்டது. பிறந்தநாள் கேக்கின் மேல் போடுகிற படம் மாதிரி. அதுவும் இருக்கட்டும், அது மட்டும் போதாது.

சென்னையில் 1994-இல் தொடங்கிய தாரா பதிப்பகம் ‘த நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ என்று ஒரு புத்தகம் போட்டது. கறுப்புக் கைத்தாளில், ஒவ்வொரு பக்கமும் கையால் ஸ்கிரீன் பிரிண்ட் செய்தது. பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி என்று மத்தியப் பிரதேசத்து கோண்டு பழங்குடி ஓவியர்கள் மூன்று பேர், ராத்திரியில் மரங்கள் என்ன செய்கின்றன என்று வரைந்திருக்கிறார்கள். 2008-இல் இத்தாலியின் பொலோனியா குழந்தைப் புத்தகக் கண்காட்சியில் பரிசு வாங்கியது. விலை கூடுதல்தான். நான் இரண்டு பிறந்தநாளுக்குப் புடவையை விட்டுக்கொடுத்து வாங்கினேன். திண்ணையில் அதை மட்டும் கை துடைத்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

முதலில் அதைத் திறந்தபோது ஒரு அம்மா, “என்னங்க இது, பயமா இருக்கு” என்றார். பிள்ளைகள் மூக்கை வைத்துத் தாளை மோந்து பார்த்தார்கள்; ஸ்கிரீன் பிரிண்ட் மைக்கு ஒரு வாசனை உண்டு. பிறகு விரலால் தடவினார்கள். அப்பாவும் வந்து எட்டிப் பார்த்தார். மரத்தின் உடம்பு முழுக்கப் புள்ளி, கோடு, பிறை என்று நிரப்பியிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “மூணு பேர் போட்டிருக்காங்களா? இது ஒரு ஆள், இது வேற ஆள்” என்று பிரித்துச் சொன்னார். கோண்டு ஓவியர்கள் ஆளுக்கொரு நிரப்புக் கோலம் வைத்திருப்பார்கள், அதுதான் அவர்கள் கையெழுத்து. அப்பாவுக்கு அது யாரும் சொல்லாமலே தெரிந்தது. புடவையின் கரையைப் பார்த்து எந்தத் தறியில் நெய்தது என்று சொல்கிறவர் அவர்.

பஜ்ஜு ஷ்யாமுக்கு இன்னொரு புத்தகம் உண்டு, 2004-இல் வந்தது. ஓர் உணவகத்தின் சுவரில் படம் போட லண்டன் போனவர், திரும்பி வந்து அந்த ஊரைத் தன் காட்டுக் கண்ணால் வரைந்தார். லண்டன் மணிக்கூண்டு அவருக்குச் சேவலாகத் தெரிந்தது. இரண்டும் நேரம் சொல்கிறவைதானே. பஸ், சொன்ன இடத்துக்குத் தவறாமல் கூட்டிப்போகிற நாய். இதைக் காட்டிவிட்டுப் பிள்ளைகளிடம் கேட்டேன்: ஏற்காடு பஸ் என்ன மிருகம்? ஒருத்தி எருமை என்றாள். ஐந்து வயதுப் பையன் ஒருவன் எழுந்து நின்றே சொன்னான்: “காட்டெருமை. வளைவுல மூச்சு வாங்கும். வெள்ளை சாக்ஸ் போட்டிருக்கும்.” ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து ஓரம் காட்டெருமை பார்த்தவர்களுக்குத் தெரியும், முழங்காலுக்குக் கீழே சாக்ஸ் போட்ட மாதிரி வெள்ளையாகத்தான் இருக்கும்.

கலர் குறைவு என்றும் கவலைப்படாதீர்கள். அதே தாரா பதிப்பகத்தில் ஓவியர் புலக் பிஸ்வாஸ் கறுப்பு, ஆரஞ்சு என்று இரண்டே மையில் ஒரு புலியை மரத்தில் ஏற்றியிருக்கிறார். குறை ஒன்றும் தெரியாது.

இந்தப் படங்களையெல்லாம் எப்படிச் செய்கிறார்கள் என்று குழந்தைக்குப் புரிய வைக்க முடியுமா?

கையால் செய்து காட்டினால் புரியும். இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

எரிக் கார்ல் வரைந்த பசிக்காரக் கம்பளிப்புழுவை, ‘த வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்’, நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். 1969-இல் வந்தது. புழு தின்ற இடத்திலெல்லாம் பக்கத்தில் நிஜமாகவே ஓட்டை. ஒருநாள் தாள்கட்டில் பஞ்சிங் மிஷினால் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, இது புழு தின்ற மாதிரி இருக்கிறதே என்று தோன்றியதாம் அவருக்கு. அளவு மாறுகிற பக்கம், ஓட்டை எல்லாம் வைத்துக் கட்டுப்படியாகிற விலைக்கு அமெரிக்காவில் அச்சடிக்க ஆள் கிடைக்காமல், ஜப்பானில் அச்சடித்தார்கள். படங்களுக்கு அவர் மெல்லிய டிஷ்யூ தாள்களில் விதவிதமாக வண்ணம் பூசிக் காயவைத்து, பிறகு வெட்டி ஒட்டுவார்.

இந்தப் புத்தகத்தோடு மகள் ஒருநாள் அம்மாபேட்டைக்கு, தாத்தா வீட்டுக்குப் போனாள். தறி மேலே ஜக்கார்டு பெட்டியிலிருந்து அட்டைகள் மாலை மாதிரி தொங்கும். புடவைக் கரையில் எந்த இழை மேலே எழ வேண்டும் என்பதை அட்டையில் இருக்கிற ஓட்டைதான் தீர்மானிக்கும். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக டிசைன் போட்டு, அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்துவார்கள். இவள் அண்ணாந்து பார்த்துவிட்டு, “தாத்தா, உங்க அட்டையையும் புழு தின்னிருச்சு” என்றாள். அப்பா தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அப்புறம் அவளைத் தூக்கிப் பிடித்து ஓட்டைகளைக் காட்டினார்: இந்த ஓட்டையால்தான் இந்த மயிலுக்கு மூக்கு வருது, இந்த ஓட்டை இல்லேன்னா மூக்கு இல்லை. வீட்டுக்கு வந்து, பழைய கல்யாணப் பத்திரிகைகளில் நாள் முழுக்க ஓட்டை போட்டோம்.

இரண்டாவது, எஸ்ரா ஜாக் கீட்ஸ். 1962-இல் ‘த ஸ்னோயி டே’ என்று பனிநாள் கதை ஒன்று செய்தார். அமெரிக்காவில் பெரிய பதிப்பகங்களின் படப்புத்தகத்தில் கறுப்பினக் குழந்தை ஒன்று, கேலியில்லாமல், கதையின் நாயகனாக வருவது அபூர்வமாக இருந்த காலம். மறு வருடம் கால்டிகாட் பதக்கம் கிடைத்தது; சிறந்த படப்புத்தக ஓவியருக்கு அங்கே 1938-இலிருந்து கொடுத்துவருகிற பதக்கம். வெட்டி ஒட்டிய தாள்களால் செய்த படங்கள் அவை. பனித் துகள்களுக்கு ரப்பரைச் செதுக்கி முத்திரை குத்தினார். சாம்பல் பின்னணிக்கு டூத் பிரஷ்ஷால் மையைத் தெளித்தார்.

பனியைப் பார்க்காத சேலம் பிள்ளைகளுக்கு இதை எப்படிக் காட்டுவது என்று யோசித்துக்கொண்டே விரித்தேன். வெள்ளை வெளேரென்ற மேட்டில் சிவப்பு உடுப்புப் பையன் நிற்கிறான். “ஜவ்வரிசிக் களம்!” என்று கத்தினான் ஒருவன். ஆத்தூர்ப் பக்கம் அவன் மாமா ஊர். சேகோ ஃபேக்டரிக் களத்தில் வெயிலில் ஜவ்வரிசி காய்கிறதைப் பார்த்திருக்கிறான். அப்புறம் எல்லோருக்கும் அது ஜவ்வரிசிதான். நான் திருத்தவில்லை, இது ஐஸ் மாதிரி ஜில்லென்று இருக்கும், அவ்வளவுதான் என்றேன். முத்திரைக்கு நமக்கு ரப்பர் வேண்டாம், வெண்டைக்காய் போதும். குறுக்கே வெட்டினால் ஐந்து மூலை நட்சத்திரம். பழைய டூத் பிரஷ் எந்த வீட்டிலும் இருக்கும். தரையில் பேப்பர் விரித்துவிட்டுச் செய்யுங்கள். எங்கள் திண்ணைச் சுவரில் அந்த மைப்புள்ளிகள் இன்னும் இருக்கின்றன, மாமியார் வாரம் ஒரு தடவை காட்டுவார்.

பயமுறுத்துகிற படம் வந்தால்?

மடியில் உட்கார்ந்து பயப்படுவது ஒரு தினுசான சந்தோஷம். மூடச் சொன்னால் மூடிவிடுங்கள். பெரும்பாலும் அடுத்த நாள் அதே பக்கத்தைத்தான் கேட்பார்கள்.

விலை கட்டுப்படியாகவில்லை. சேலத்தில் எங்கே கிடைக்கும்?

நியாயமான கேள்வி. வழவழத் தாள், நாலு கலர் அச்சு என்றால் விலை ஏறத்தான் செய்யும். முதலில் காசில்லாத வழி. மாவட்ட மைய நூலகத்தில் சிறுவர் பகுதி உண்டு. பிள்ளையைக் கூட்டிப்போய்த் தரையில் உட்கார்ந்து பாருங்கள். அரசுப் பள்ளியில் படிக்கிற பெரிய பிள்ளை வீட்டில் இருந்தால், வாசிப்பு இயக்கம் வழியாகப் பள்ளிக்கு வருகிற சின்னச் சின்னப் புத்தகங்களைக் கேளுங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நாலு படி. ‘நுழை’ புத்தகங்கள் சின்னதுகளுக்கும் சரியாக இருக்கும்.

பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015-இலிருந்து ஸ்டோரிவீவர் என்ற தளத்தில் படக்கதைகளை இலவசமாகவே விட்டிருக்கிறது. தமிழிலும் நிறைய. இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம், அனுமதி கொடுத்தே வைத்திருக்கிறார்கள். நான் பிடித்த கதைகளை ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் எடுத்து, நடுவில் தைத்துக் கொடுத்துவிடுவேன். ஓவியர் பெயர் இருக்கிற பக்கத்தை மட்டும் காசு மிச்சம் என்று விட்டுவிடாதீர்கள்.

வாங்குவதென்றால் சென்னையின் தூலிகா பதிப்பகம் 1996-இலிருந்து தமிழிலும், தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழியிலும் போடுகிறது. நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகங்கள் விலை மலிவு. சேலம் புத்தகத் திருவிழாவுக்குப் போகும்போது ஒரு வேண்டுகோள்: பிள்ளையை எடுக்கவிடுங்கள். நீங்கள் எடுத்துக் கொடுக்கிற ‘நூறு நீதிக்கதைகள்’ எல்லாம் பரணுக்குத்தான் போகும்.

போனிலேயே காட்டினால் போதாதா?

இல்லாததற்கு அது பரவாயில்லை. ஆனால் இரண்டு பக்கத்துக்கும் நீண்டு கிடக்கிற முதலையைப் போனில் தலை தனியாக, வால் தனியாகத்தான் பார்க்க முடியும். நடுவில் வாட்ஸப் வேறு வந்து விழும்.

கிழித்துவிட்டால்?

கிழிப்பார்கள். செல்லோடேப் ஒட்டுங்கள். அதையும் பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து ஒட்டுங்கள், அடுத்த தடவை கொஞ்சம் யோசிக்கும்.

வீட்டில் இருப்பது இங்கிலீஷ் புத்தகம். எனக்குச் சரளமாக வராது. தமிழ்ப் புத்தகத்தில் சிலது மொழிபெயர்ப்பு கரடுமுரடாக இருக்கிறது.

படத்துக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. எழுத்தை விட்டுவிட்டு உங்கள் வாய்க்கு வருகிற தமிழில் சொல்லுங்கள். ஓநாய் “சும்மா கெட” என்று பேசினால் ஒன்றும் குறையாது. கரடுமுரடான தமிழ் வரியை நானும் படிக்கும்போதே மாற்றிவிடுவேன். எழுத்து கூட்டத் தெரிந்த பிள்ளைகள் கண்டுபிடித்துத் திட்டுவார்கள், அதுவும் நல்லதுதான்.

ஏற்காடு போகும்போது புத்தகம் எடுத்துப் போகலாமா?

பஸ்ஸில் வேண்டவே வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவு. குனிந்து படம் பார்த்தால் ஐந்தாவது வளைவிலேயே வாந்தி. அனுபவத்தில் சொல்கிறேன், அந்தப் புத்தகம் இன்னும் வாசம் அடிக்கிறது.

மேலே போனபின் ஒரே ஒரு புத்தகம் போதும். மலை, மரம், மழை ஏதாவது இருக்கிற புத்தகம். போன டிசம்பரில் பகோடா பாயின்ட்டுக்குப் போகிற வழியில் பனிமூட்டம் இறங்கிவிட்டது. ரோட்டோரத்தில் சில்வர் ஓக் மரங்கள், மேலே மிளகுக்கொடி. முதல் மரம் கறுப்பாக, மிளகு இலைகூடத் தனித்தனியாகத் தெரிகிறது. அடுத்த மரம் சாம்பல். அதற்கடுத்தது கோலப்பொடியை ஊதிவிட்ட மாதிரி. அதற்கப்பால் ஒன்றுமே இல்லை. “ரப்பர் போட்டு அழிச்சிட்டாங்களா?” என்று கேட்டாள் மகள். நான் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, மலைகள் வருகிற பக்கத்தைக் காட்டினேன். முன்னால் இருக்கிற மலை அடர் நீலம். பின்னால் போகப் போக ஓவியர் தண்ணீரைக் கூட்டி மையைக் குறைத்திருக்கிறார். அவள் படத்தையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தூரத்தை எப்படி வரைவது என்று நான் வாயைத் திறக்கவே இல்லை. பிறகு வீட்டில் எந்தப் படத்தில் வெளிறின மரம் வந்தாலும், “அது ஏற்காடுல இருக்கு” என்பாள். பின்னால் இருக்கிறது என்பதற்கு எங்கள் வீட்டில் இப்போது அதுதான் சொல்.

படம் பார்த்ததும் அதே மாதிரி வரையச் சொல்லலாமா?

வேண்டாம். வரைகிற பிள்ளை தானே பேப்பர் கேட்கும். “கோட்டுக்கு வெளியே போகாம கலர் அடி” என்பதை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். மேலே சொன்ன ஓவியர்களில் பாதிப் பேர் கோட்டுக்கு வெளியே போனவர்கள்தான்.

நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். வீட்டில் பாட்டி மட்டும்தான், அவருக்குப் படிக்கத் தெரியாது.

அப்படியென்றால் உங்கள் வீட்டில் ஒரு நல்ல ஆள் இருக்கிறார். சொல்லே இல்லாத படப்புத்தகங்கள் இருக்கின்றன, அதில் ஒன்றை அவர் கையில் கொடுங்கள். ப்ரியா குரியன் வரைந்து தூலிகா போட்ட ‘அம்மாச்சீஸ் கிளாஸஸ்’ அப்படி ஒன்று. மூக்குக்கண்ணாடியைத் தொலைத்துவிட்ட கேரளத்து அம்மாச்சி ஒருத்தி, கண்ணாடி இல்லாமல் வீட்டை ரகளை பண்ணுகிறாள். படம் மட்டும்தான்.

என் மாமியார் சேலத்தில் குகை என்கிற பகுதிக்காரர், பள்ளிக்கூடம் போனதில்லை. முதலில் புத்தகத்தைத் தொடவே கூச்சப்பட்டார். இதைக் கொடுத்ததும் தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் உள்ளே தோசை வார்த்துக்கொண்டே கேட்கிறேன்: அந்த அம்மாச்சிக்கு மருமகள் வந்துவிட்டாள், கண்ணாடியை ஒளித்து வைத்தது அவள்தான் என்று சந்தேகம் வேறு. புத்தகத்தில் இல்லாத கரண்டு கட் ஒன்றும் வந்தது. பேத்தி வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். திடீரென்று கதை நின்றது.

“பாட்டி, நில்லு. ரெண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பிட்ட.”

“அதெல்லாம் இல்லடி, சரியாத்தான் படிக்கிறேன்.”

ஒட்டிக்கொண்டிருந்த தாளை நகத்தால் பிரிக்கிற சத்தம் கேட்டது. “இங்க பாரு,” என்றாள் மகள், “இதை நீ படிக்கவே இல்லை.”